உப்புக் காற்றும் உருக்கு வாளும்

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்பவர்கள் மரக்காணத்தைக் கடந்து செல்வார்கள். சாலையின் ஓரத்தில், கண்ணுக்கு எட்டிய வரை கட்டம் கட்டமாகப் பாத்திகள் தெரியும். அவற்றின் வரப்புகளில் உப்பு வெள்ளைக் குன்றுகளாகக் குவிந்து கிடக்கும். தமிழ்நாட்டின் பெரிய உப்பளங்களுள் மரக்காணமும் ஒன்று. ஆங்கிலேயர் காலத்தில் இங்கு விளைந்த உப்பு பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்னைக்குச் சென்றது. அக்கால்வாயின் தென்கோடி மரக்காணமே.

உப்பளத்தில் வேலை செய்பவர்கள் உப்பை வாரும் கருவியைக் கவனித்திருக்கிறீர்களா? நீண்ட காம்பின் நுனியில் ஒரு பலகை. எல்லாம் மரம். இரும்புக் கருவியை உப்பு நீரில் போட்டால் அது விரைவில் துருப்பிடித்து வீணாகும். துருவின் கறை பட்டால் வெள்ளை உப்பும் விலை போகாது. வயலில் வேலை செய்பவர்க்கு இரும்பு நண்பன். அளத்தில் வேலை செய்பவர்க்கோ அது நம்பத்தகாத கூட்டாளி.

உப்பளத்துக் காற்று இரும்பை ஏன் தின்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு போனால், அது நம்மை எங்கோ கொண்டுபோய் விடும்: 3000 ஆண்டுகள் மண்ணில் கிடந்த தமிழ்நாட்டு வாள்களிடமும், ஜப்பானியர் கண்ணின் மணி போல் காத்து வரும் வாள்களிடமும்! பழைய வாள்களைச் சேகரித்து ஆராய்வோர் முதலில் கற்க வேண்டிய பாடம் துருவைப் பற்றியதுதான். அப்பாடத்தைக் கற்க மரக்காணத்தை விட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது.

துரு என்பது என்ன?

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று நீர், மற்றொன்று காற்றிலுள்ள ஆக்சிஜன். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு உண்டாகாது. இரும்பின் மேல் ஒரு துளி நீர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். துளியின் அடியில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் தம் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு, அயனிகளாக நீரில் கரைகின்றன. விடப்பட்ட எலெக்ட்ரான்கள் இரும்பின் ஊடே வேறோர் இடத்துக்கு ஓடுகின்றன. அங்கே அவற்றை ஆக்சிஜனும் நீரும் பெற்றுக்கொள்கின்றன. ஆக, ஒவ்வொரு துருப்புள்ளியும் ஒரு சிறிய மின்கலம்! டார்ச் விளக்கில் உள்ள மின்கலத்தில் துத்தநாகம் கரைவது போல இங்கே இரும்பு கரைகிறது.

மின்கலம் நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் அதிலுள்ள நீர் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்பு கலந்த நீரோ நன்கு கடத்தும். உப்பு செய்யும் முதல் கெடுதல் இது.

இரண்டாவது கெடுதல் உப்பிலுள்ள குளோரைடு அயனியால் வருகிறது. சந்தையில் தரகரைப் பார்த்திருப்பீர்கள். மாட்டை விற்பவரையும் வாங்குபவரையும் அவர் சேர்த்து வைப்பார். பேரம் முடிந்ததும் அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார். குளோரைடும் அப்படித்தான். இரும்பு அயனியோடு சேர்ந்து அதைக் கரைசலுக்குள் இழுக்கிறது. இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாக மாறியதும், குளோரைடு விடுதலை பெற்று அடுத்த இரும்பைத் தேடிப் போகிறது. அது செலவாவதே இல்லை. எனவே சிறிதளவு உப்பே ஏராளமான இரும்பைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது கெடுதல் ஈரத்தைப் பற்றியது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே நீர்த்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடல் நீரிலுள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசை பிடித்தது. 33 சதவீத ஈரப்பதத்திலேயே அது நீர்த்துப் போகும். கடற்காற்று இவ்வுப்புகளைச் சிறு தூசுகளாகச் சுமந்து வந்து சன்னல் கம்பியிலும் மிதிவண்டியிலும் படியவைக்கிறது. மழை பெய்யாமலேயே அவை ஒவ்வோர் இரவும் இரும்பை நனைக்கின்றன. பகலில் காய்கின்றன. மறுபடியும் நனைக்கின்றன.

ஒரு வியப்பு

அப்படியானால் உப்பு கூடக் கூடத் துருவும் கூடிக்கொண்டே போகும் என்றுதானே நினைப்பீர்கள்? உண்மை அதுவல்ல! நூற்றுக்கு மூன்று, மூன்றரைப் பங்கு உப்புள்ள நீரில்தான் இரும்பு மிக வேகமாக அரிக்கப்படுகிறது. அதற்கு மேல் உப்பைக் கூட்டினால் வேகம் குறையத் தொடங்கும். உப்பு மேலும் கரையாத அளவுக்குச் செறிந்த நீரில், நல்ல நீரில் இருப்பதை விடவும் இரும்பு மெதுவாகவே அரிக்கப்படும்.

காரணம் எளியது. நீரில் உப்பு மிகுந்தால் ஆக்சிஜன் கரைவது குறைகிறது. ஆக்சிஜன் இல்லாமல் துரு ஏது? கடல் நீரிலுள்ள உப்பு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 3.5 சதவீதம். இரும்புக்கு மிகக் கேடான அளவு எதுவோ, இயற்கை அதையே கடலில் வைத்திருக்கிறது!

எனவே உப்பளத்தில், உப்பு படியும் கடைசிப் பாத்தியின் அடியில் முழுக மூழ்கிக் கிடக்கும் ஆணியை விட, வரப்பின் மேல் சாரல் பட்டுப் பட்டுக் காயும் ஆணிக்கே ஆபத்து அதிகம். அங்கே உப்பும் உண்டு, ஈரமும் உண்டு, தாராளமாகக் காற்றும் உண்டு.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவான ஐந்து புதிய இரும்பு ஆணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய ஆணிகள் வேண்டாம். சோப்பு நீரால் கழுவி நன்கு துடைத்துவிடுங்கள். ஐந்து கண்ணாடிக் குப்பிகளில் பின்வருமாறு இடுங்கள்.

முதல் குப்பியில் நல்ல நீர். இரண்டாவதில் 100 மில்லிலிட்டர் நீருக்கு 3.5 கிராம் உப்பு. மூன்றாவதில் அதே அளவு நீருக்கு 36 கிராம் உப்பு. நான்காவதில் காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி, அதன் மேல் தேங்காய் எண்ணெயை ஒரு படலமாக விடுங்கள். ஐந்தாவது ஆணியை இரண்டாம் குப்பியின் நீரில் தோய்த்தெடுத்து, வெறுங்குப்பியில் திறந்தவாறு வைத்து, நாள்தோறும் காலையில் ஒரு முறை தோய்த்து வையுங்கள்.

இரண்டு வாரம் கழித்து எது அதிகமாகத் துருப்பிடித்தது, எது குறைவாகத் துருப்பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். துருவைத் தேய்த்து நீக்கி, ஆணிகளை நுண்தராசில் நிறுத்துப் பார்க்கப் பள்ளியில் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

மலையில் உருக்கு, கரையில் உப்பு

மரக்காணம் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. முன்பு இது பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், மேல்சிறுவள்ளூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மண்மூசைகளின் உடைந்த துண்டுகள் கிடப்பதை உலோகவியல் அறிஞர் சாரதா சீனிவாசன் கண்டு, 1994இல் அறிவித்தார். அவை சாதாரண மூசைகள் அல்ல. உலகப் புகழ் பெற்ற தென்னிந்திய உருக்கைச் செய்த மூசைகள்!

ஐரோப்பியர் இந்த உருக்கை 'வூட்ஸ்' என்று அழைத்தனர். கன்னட, தெலுங்கு மொழிகளின் 'உக்கு' என்ற சொல்லே இப்படித் திரிந்தது என்பர். நம் 'உருக்கு' என்ற சொல்லும் அதன் உறவே. கொங்கு நாட்டில் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் சங்க காலத்து உருக்கு உலைகள் அகழ்வாய்வில் வெளிப்பட்டுள்ளன.

உருக்கை எப்படிச் செய்தார்கள்? முதலில் இரும்புக் கல்லைக் கரியோடு சேர்த்துச் சிறு உலையில் காய்ச்சுவார்கள். தூய இரும்பு உருக 1538 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். சிறு உலையில் அது கிட்டாது. ஆகவே இரும்பு உருகாமல், கசடோடு கலந்த பஞ்சு போன்ற கட்டியாகவே கிடைக்கும். அதை அடித்து அடித்துக் கசடைப் பிழிந்தெடுப்பார்கள். கிடைப்பது மென்மையான தேனிரும்பு. வளைத்தால் வளையும், தீட்டினால் கூர் நிற்காது.

பிறகுதான் சூட்சுமம். உமி கலந்த களிமண்ணால் சிறு மூசை செய்வார்கள். அதில் கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை தேனிரும்புத் துண்டுகளை இட்டு, உலர்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவார்கள். சுமார் இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சேலம் பகுதியில் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் இம்முறையை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அவர்தான் 1830களில் மரக்காணத்துக்குத் தெற்கே, இதே கடற்கரையில் உள்ள பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலையை நடத்தியவர்.

மூசைக்குள் நடந்தது என்ன? ஆவாரங்குச்சியும் இலையும் கரியாகின்றன. கரியிலுள்ள கார்பன் இரும்புக்குள் புகுகிறது. கார்பன் புகுந்த இரும்பு, தூய இரும்பை விடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும்! உருகியதும் கசடு மேலே மிதக்கிறது. மூசையை மெல்ல ஆறவிட்டால் அடியில் ஓர் உருக்குக் கட்டி. அதில் கார்பன் சுமார் ஒன்றரை சதவீதம். தச்சர் வாங்கும் சாதாரண இரும்பு ஆணியில் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இருப்பது அரிது.

தவறிய பாரடேயும் தவறாத பிரயாந்தும்

இக்கட்டிகள் கடல் கடந்து சென்று, புகழ் பெற்ற 'டமாஸ்கஸ்' வாள்களாக உருவெடுத்தன. அவ்வாள்களை அமிலத்தில் கழுவினால் நீரோட்டம் போன்ற வரிகள் தோன்றும். 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்ற ஆங்கில மருத்துவர் இவ்வுருக்கைப் பற்றி இலண்டன் ராயல் கழகத்தில் கட்டுரை படித்தார். பின்னர் 1819இல் மைக்கேல் பாரடேயே அதை ஆராய்ந்தார். மின்சாரத்தில் பெரும் புகழ் பெற்ற அதே பாரடேதான். அவர் தந்தை ஒரு கொல்லர் என்பது பொருத்தமான செய்தி! இந்த உருக்கின் சிறப்புக்கு அதிலுள்ள அலுமினாவே காரணம் என்று பாரடே நினைத்தார். அது தவறு. சில ஆண்டுகளில் பாரிஸ் நகரில் பிரயாந்த் என்பவர், மிகுதியான கார்பனே காரணம் என்று காட்டினார்.

ஐரோப்பியக் கொல்லர்கள் இந்த உருக்கை வெண்சூடாகக் காய்ச்சி அடித்தபோது அது நொறுங்கியது. நம் கொல்லர்களோ அதைச் செஞ்சூட்டிலேயே பொறுமையாக அடித்தார்கள். கார்பன் மிகுந்த உருக்குக்கு அதுவே ஏற்ற சூடு. 1998இல் அமெரிக்காவைச் சேர்ந்த வெர்ஹோவன் என்ற விஞ்ஞானியும் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து, அந்த வரிகளுக்கு வனேடியம் போன்ற உலோகங்கள் மிக மிகச் சிறிய அளவில் கலந்திருந்தது காரணம் என்று விளக்கினர். விஞ்ஞானியும் கொல்லரும் ஒரே கட்டுரையில் பெயர் போட்டுக்கொண்டது கவனிக்கத்தக்கது.

ஜப்பானியர் வழி

ஜப்பானியர் வேறு வழியில் சென்றனர். அவர்களுக்குக் கிடைத்தது இரும்பு மணல். அதைக் கரியோடு சேர்த்து 'ததாரா' என்ற பெரிய மண்ணுலையில் மூன்று நாள் இரவு பகலாகக் காய்ச்சுவார்கள். சுமார் 10 டன் மணலும் 12 டன் கரியும் இட்டால் இரண்டரை டன் இரும்புப் பாளம் கிடைக்கும். அதிலிருந்து கார்பன் அதிகமான துண்டுகளையும் குறைந்த துண்டுகளையும் கண்ணால் பார்த்தே பிரிப்பார்கள்.

பிறகு பாளத்தைக் காய்ச்சி, அடித்து, இரண்டாக மடித்து, மறுபடியும் அடிப்பார்கள். ஒரு முறை மடித்தால் 2 அடுக்கு. இரண்டு முறைக்கு 4. பத்து முறை மடித்தால் எத்தனை? கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1024! கசடு பிழிந்து போகவும், கார்பன் எங்கும் ஒன்றுபோல் பரவவும் இது உதவுகிறது.

கடைசியாக வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும், விளிம்பில் மெல்லியதாகவும் பூசிக் காய்ச்சி, நீரில் தோய்ப்பார்கள். விளிம்பு சட்டென்று ஆறி மிகக் கடினமாகிறது. முதுகு மெல்ல ஆறி உறுதியாக, ஆனால் நொறுங்காமல் இருக்கிறது. கடினமான விளிம்பின் கன அளவு சிறிது கூடுவதால் வாள் தானே வளைந்துகொள்கிறது. ஜப்பானிய வாளின் அழகிய வளைவில் பெரும்பகுதி சம்மட்டி செய்ததன்று, நீர் செய்தது!

வாள்களுக்கு வந்த சோதனை

1876இல் ஜப்பானிய அரசு பொது மக்கள் வாள் அணிவதைத் தடை செய்தது. கொல்லர்கள் தொழில் இழந்தார்கள். 1945இல் போரில் தோற்றபின் எண்ணற்ற வாள்கள் பறிமுதலாகி அழிந்தன. எஞ்சியவற்றைக் கலைப்பொருள்களாகக் காக்க 1948இல் ஒரு சங்கம் நிறுவினார்கள். அணைந்து போயிருந்த ததாரா உலையை அச்சங்கம் 1977இல் ஷிமானே மாநிலத்தில் மறுபடியும் மூட்டியது. இன்று ஜப்பானில் வாள்கள் ஒவ்வொன்றாகப் பதிவு செய்யப்படுகின்றன.

நம் கதை என்ன? ஜப்பானில் வாள் தடை வந்த அதே 1876ஆம் ஆண்டில், பெர்லினிலிருந்து வந்த டாக்டர் யாகோர் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரைத் தோண்டினார். அவர் கண்ட பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. பின்னர் அலெக்சாண்டர் ரீ அங்கே அகழ்ந்தெடுத்த வாள், ஈட்டி முதலிய இரும்புப் பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன.

தஞ்சை அரண்மனையில் ஓர் ஆயுதசாலை இருந்தது. 1855இல் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி இறந்ததும் அரசு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஆயுதசாலையிலிருந்த வாள்களிலும் கட்டாரிகளிலும் சிறந்த சிலவற்றை அருங்காட்சியகத்துக்கென்று பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878இல் எழுதிய கட்டுரை இதைச் சொல்லுகிறது. எந்தக் கொல்லன் எந்த உருக்கில் எப்படிச் செய்தான் என்று அந்த வாள்கள் சொல்லியிருக்கக் கூடியதை இனி யார் சொல்லுவார்?

வாளைப் படிப்பது எப்படி?

பழைய வாள் ஒரு புத்தகம். அதைப் படிக்கப் பல வழிகள் உண்டு. முதல் வழி கண்ணால் காண்பது: நீளம், அகலம், எடை, ஒருபக்கக் கூரா இருபக்கக் கூரா, பிடிக்குள் செருகும் பகுதி எப்படி அமைந்தது என்றெல்லாம் அளந்து, படம் வரைந்து வைப்பது. அடுத்தது எக்ஸ் கதிர்ப் படம். துருவுக்குள் மறைந்திருக்கும் உலோகம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அது காட்டும்.

மூன்றாவது வழி நுண்ணோக்கி. கடுகளவு துண்டை எடுத்துக் கண்ணாடி போல் மெருகேற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலம் கலந்த சாராயத்தால் துடைத்துப் பார்ப்பார்கள். கார்பன் இல்லாத இரும்பு வெளிறித் தெரியும். கார்பன் உள்ள பகுதி கருமையாகத் தெரியும். கொல்லன் எவ்வளவு காய்ச்சினான், எப்படி ஆறவிட்டான் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். துண்டு எடுக்கக்கூடாத அரிய வாள்களை நியூட்ரான் கற்றையால் ஆராயும் முறையும் இப்போது உண்டு. இத்தாலியில் பிளாரன்ஸ் நகர அருங்காட்சியகத்திலுள்ள ஜப்பானிய வாள்களை இங்கிலாந்துக்குக் கொண்டு போய் இம்முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சேலம் மாவட்டம் தெலுங்கனூரில் ஒரு பெருங்கற்காலக் கல்லறையில் இருபக்கக் கூருள்ள வாள் ஒன்று கிடைத்தது. அது கார்பன் மிகுந்த உருக்கால் ஆனது என்பதை நுண்ணோக்கி காட்டியது. இந்த ஆய்வு 2020இல் வெளியாயிற்று. அதன் காலம் கி.மு. 15ஆம் நூற்றாண்டுக்கும் 13ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று கார்பன் காலக்கணிப்பு கூறுகிறது. உருக்கிலுள்ள கார்பன் மரக்கரியிலிருந்து வந்தது. மரக்கரி ஒரு காலத்தில் உயிருள்ள மரம். ஆகவே உருக்கே தன் வயதைச் சொல்லவல்லது! தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை முதலிய இடங்களில் கிடைத்த கரி முதலியவற்றின் காலக்கணிப்புகளை வைத்து, தமிழ்நாட்டில் இரும்பின் வரலாறு இன்னும் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லும் என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 சனவரியில் அறிவித்திருக்கிறது. அறிஞர்கள் இதை விவாதித்து வருகிறார்கள்.

துரு எதிரியா, சாட்சியா?

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்கு, அதாவது துருவுக்கு வருவோம். 'பழைய வாள் கிடைத்தால் முதல் வேலையாகத் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும்' என்று நினைப்பவர் பலர். இதை விடப் பெரிய தீங்கு வேறில்லை.

ஜப்பானியர் வாளின் அலகைக் கண்ணாடி போல் வைத்திருப்பார்கள். ஆனால் பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியிலுள்ள துருவைத் தொடவே மாட்டார்கள். அங்கேதான் கொல்லனின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். அந்தத் துருவின் நிறத்தையும் தடிப்பையும் பார்த்தே வாளின் வயதைக் கணிப்பார்கள். பெயரைப் போலியாக வெட்டிவிடலாம். 500 ஆண்டுத் துருவைப் போலியாகச் செய்வது கடினம்!

மண்ணில் கிடைக்கும் வாளின் துரு இன்னும் அதிகம் பேசும். பிடியின் மரமும் உறையின் துணியும் மக்கிப் போகும் முன், துரு அவற்றுக்குள் ஊறி, அவற்றின் வடிவத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். நூலின் முறுக்கையும் மரத்தின் ரேகையையும் நுண்ணோக்கியில் காணலாம். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் ஒரு நிமிடத்தில் அத்தனையும் தூளாகிவிடும்.

அதே துருவுக்குள் எதிரியும் ஒளிந்திருக்கிறான். அவன் நம் பழைய தரகன், குளோரைடு. மண்ணில் கிடந்த காலமெல்லாம் குளோரைடு துருவின் ஊடே புகுந்து, மிஞ்சிய உலோகத்தின் மேற்பரப்பில் சேர்ந்திருக்கும். மண்ணுக்குள் ஆக்சிஜன் குறைவு. ஆகவே அவன் உறங்குகிறான். வாளை வெளியே எடுத்ததும் காற்று உள்ளே புகுகிறது. தரகன் விழித்துக்கொள்கிறான். வாளின் மேல் பழுப்புநிறத் துளிகள் அரும்பும். 'இரும்பு அழுகிறது' என்பார்கள். அகாகனைட் என்ற ஒருவகைத் துரு உள்ளே உருவாகும். ஜப்பானில் அககானே என்ற சுரங்கத்தில் முதலில் கண்டறியப்பட்டதால் அதற்கு இப்பெயர். துருவின் கன அளவு இரும்பினுடையதை விடப் பல மடங்கு. எனவே அது உள்ளிருந்து நெம்பி, வாளைச் செதில் செதிலாகப் பிளந்துவிடும். 3000 ஆண்டுகள் மண்ணில் தாங்கிய வாள், கண்ணாடிப் பெட்டிக்குள் சில ஆண்டுகளில் பொடியாகிப் போவதும் உண்டு.

காப்பாற்றும் வேதியியல்

சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் ஒரு வேதியியல் காப்பகம் தொடங்கப்பட்டது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலார் அங்கே பழம்பொருள்களை மின்பகுப்பால் காக்கும் முறைகளைக் கையாண்டார். இன்று உலகெங்கும் இத்தகைய ஆய்வுக்கூடங்கள் உள்ளன.

அங்கே செய்வது இதுதான். வாளைக் காரக் கரைசலில் மாதக் கணக்கில் ஊறவைப்பார்கள். குளோரைடு மெல்ல மெல்லக் கரைசலுக்குள் வரும். கரைசலில் சிறிது எடுத்து அமிலமாக்கி, வெள்ளி நைட்ரேட்டுத் துளியை விட்டால் பால் போல் வெண்மை தோன்றும். குளோரைடு இருப்பதற்கு அதுவே அடையாளம். நீங்களும் பள்ளி ஆய்வகத்தில் செய்த சோதனைதான்! வெண்மை தோன்றாமல் போகும் வரை கரைசலை மாற்றி மாற்றி ஊறவைப்பார்கள்.

பிறகு கழுவி உலர்த்தி, டானிக் அமிலம் பூசுவார்கள். துரு கருநீலப் படலமாக மாறி இரும்பைக் காக்கும். நம் முன்னோர் கடுக்காய்ச் சாற்றில் இரும்பை ஊறவைத்து எழுது மை செய்தார்களே, அதே வேதியியல்! கடைசியாக மெழுகு பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள பெட்டியில் வைப்பார்கள். உள்ளே ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேற்படாமல் இருந்தால் தரகன் மறுபடியும் உறங்கிவிடுவான்.

டில்லி இரும்புத் தூண் 1600 ஆண்டுகளாகத் துருப்பிடிக்காமல் நிற்கிறதே என்று கேட்பீர்கள். அதிலுள்ள பாஸ்பரஸ் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்பிரமணியம் விளக்கினார். டில்லியின் உலர்ந்த காற்றும் அதற்குத் துணை. அதே தூண் மரக்காணத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் ஐந்தாவது குப்பியைப் பார்த்துவிட்டுச் சிந்தியுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

வாள் சேகரிப்பது பெரியவர்களுக்கும் எளிதன்று. ஆயுதச் சட்டமும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் அதற்கு விதிகள் வகுத்துள்ளன. ஆனால் படிப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போதோ ஏர் உழும்போதோ பழைய இரும்புப் பொருள் தென்பட்டால், அதைப் பிடுங்காதீர்கள்; கழுவாதீர்கள்; தேய்க்காதீர்கள். கிடக்கும் நிலையிலேயே படம் வரைந்து, பக்கத்தில் கரியோ பானையோடோ இருந்தால் அதையும் குறித்துக்கொண்டு, ஆசிரியர் மூலம் வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். மண்ணுக்கடியில் கிடைக்கும் புதையலை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டு முதல் சட்டம். ஊர்க் கோயிலில் பழைய வாள் இருந்தால், திருவிழாவுக்கு முன் அதைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்றும், உலர்ந்த துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசினால் போதும் என்றும் பெரியவர்களிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். மரக்காணம் போன்ற கரையோர ஊர்களில் இது இன்னும் அவசரம். அங்கே ஒவ்வோர் இரவும் காற்று உப்போடு வருகிறது.

தெலுங்கனூர் வாளைச் செய்த கொல்லன் பெயரை நாம் அறியோம். அவன் பெயரை எங்கும் வெட்டி வைக்கவில்லை. அவன் எவ்வளவு காய்ச்சினான், எந்தக் கரியை இட்டான், எங்கே அடித்தான் என்பதெல்லாம் உருக்குக்குள் மட்டுமே இருக்கின்றன. துருவுக்குக் கொடுத்துவிட்டால் அவை போயின. பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தாலும் போயின. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் நீங்கள்.